கதிரை முஆஸ்

என் நானா முஆஸ் வபாத்தாகிவிட்டார் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தது போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரைக்கு. அந்த மரண அறிவித்தலுக்குக் காரணம் நான், அவருடைய தங்கை. அவருடைய கதையை எழுத உட்காரும்போது இதை முதலில் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

கனமூலைக்கும் மதுரங்குளிக்கும் இடையில், தென்னந்தோட்டங்களுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் சின்ன ஊர் எங்களுடையது. வாப்பா ஹாசிம் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் தேங்காய் ஏற்றுகிறவர். நானாவுக்கு வயது இருபத்தொன்பது. மாலைதீவில், மாலேயில் ஒரு கழகத்துக்கு நடுக்களத்தில் விளையாடிக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு அது மூன்றாவது பருவம். அதே அணியில் கோல் காப்பவர் றிஸ்மின். அவரும் எங்கள் ஊர்தான், முதலாம் வகுப்பிலிருந்து நானாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். இந்தக் கதையை எழுதலாம், ஆனால் றிஸ்மினின் பெயரை மாற்ற வேண்டும் என்று நானா சொன்னார். மாற்றியிருக்கிறேன்.

அன்று மாலை எங்கள் ஊர்க் கழகத்தின் செயலாளர் ஹஸ்மி மோட்டார் சைக்கிளை முற்றத்தில் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். அவருடைய வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. நாற்பது செக்கன் இருக்கும். மைதானத்தின் நடுவில் நானா விழுந்து கிடக்கிறார். அவரோடு யாரும் மோதவில்லை, பந்து எங்கோ மறுபக்கத்தில் இருக்கிறது. றிஸ்மின் கோல் கம்பத்தடியிலிருந்து ஓடிவருகிறார். பாதி வழியில் நின்றுவிடுகிறார். நின்று, இரண்டு கைகளையும் ஏந்துகிறார். அதைப் பார்த்து மற்ற வீரர்களும் வரிசையாகக் கையேந்துகிறார்கள். பிறகு இரண்டு பேர் ஒரு வெள்ளைத் துணியை விரித்தபடி ஓடிவந்து நானாவைச் சுற்றிப் பிடிக்கிறார்கள். அதோடு வீடியோ முடிந்துவிட்டது.

காயப்பட்டவரைக் கூட்டம் பார்க்காமல் மறைப்பதற்குத் துணி பிடிப்பார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்று எங்கள் முற்றத்தில் நின்ற எவருக்கும் அது தோன்றவில்லை. வெள்ளைத் துணி, வரிசையாக நிற்கும் ஆண்கள், ஏந்திய கைகள். இதை நாங்கள் ஒரேயொரு இடத்தில்தான் பார்த்திருக்கிறோம்.

நானாவின் தொலைபேசிக்கு அடித்தோம், றிஸ்மினுக்கு அடித்தோம். இரண்டும் உடைமாற்றும் அறையில் கிடந்திருக்கின்றன. ஹஸ்மி வீடியோவை மறுபடி ஓடவிட்டு என் கையில் தந்தார்.

"நஸ்லா, நீதான் படிச்சவ. பார்த்துச் சொல்லு. முடிஞ்சிச்சா?"

நான் பார்த்தேன். "ஓம்" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். ஒரு தகவலை நம்புவதற்கு முன் இரண்டாவது இடத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று ஒரு பாடம் முழுக்கப் படித்து, அதில் ஏ எடுத்தவள். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு ஹஸ்மி பள்ளிவாசலுக்குப் போனார். கால் மணித்தியாலத்தில் ஒலிபெருக்கி இரைந்தது. ஹாசிமின் மகன், ஸுஹைராவின் கணவர், நஸ்லாவின் சகோதரர் என்று உறவெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் பெயரைச் சொன்னார்கள். என் பெயரை அப்படி ஒலிபெருக்கியில் கேட்டது அதுதான் முதல் தடவை.

உம்மா கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாப்பா அழவில்லை. லேண்ட்மாஸ்டரின் தார்ப்பாயை அவிழ்த்துக் கொண்டுவந்து முற்றத்தில் கட்டத் தொடங்கினார், ஆட்கள் வருவார்கள் என்று. நானாவின் மனைவி ஸுஹைரா மதினி தையல் மெஷினில் இருந்தவர், காலை மிதியிலிருந்து எடுக்காமலே இருந்தார். கமீலா மாமி வந்துதான் அவரை எழுப்பினார். எங்கள் ஊரில் எந்த வீட்டில் மௌத்து நடந்தாலும் பெண்கள் பக்கத்துக் காரியங்களை எடுத்துச் செய்வது கமீலா மாமிதான். மதினியின் தோட்டையும் காப்பையும் கழற்றினார். உம்மாவின் அலுமாரியில் இருந்த வெள்ளைச் சாரியை உடுத்தினார். அறை ஜன்னலுக்குப் படுக்கை விரிப்பைக் கட்டினார். கணவன் இறந்தால் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் ஒதுங்கி இருக்க வேண்டும். அது இறந்த நேரத்திலிருந்தே தொடங்கிவிடும், நாங்கள் தயாராகும்வரை காத்திருக்காது என்று மாமி சொன்னார். நானாவின் நான்கு வயது மகள் தன் உம்மாவின் காது ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

முற்றம் நிறைந்தது. ஆண்கள் தார்ப்பாயின் கீழ் பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்து நானாவைப் பற்றிக் கதைத்தார்கள். நான் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடையில் தேத்தண்ணி கொண்டு போய் வந்தபடி அதையெல்லாம் கேட்டேன். என் நானாவின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே தடவையில் கேட்டது அன்றுதான். எல்லாரும் இறந்தகாலத்தில் சொன்னார்கள்.

பதினைந்து வயதில் அவர் இறகுப் பக்கத்தில், கோட்டோரமாக ஓடி விளையாடினாராம். நல்ல வேகம். ஆனால் பந்து தன்னிடம் இல்லாத நேரமெல்லாம் மற்றவர்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டே இருப்பாராம், நீ அங்கே போ, நீ பின்னால் வா என்று. பாடசாலைப் பயிற்றுநர் ஒரு நாள் ஆட்டத்தை நிறுத்தி, பொலிஸ் வேலை பார்க்கிறதென்றால் சந்தியில் வந்து நின்று பார் என்று சொல்லி அவரை நடுக்களத்தில் நிறுத்தினார். அன்றிலிருந்து அவருடைய இடம் அதுதான். பத்தொன்பது வயதில் கொழும்பில் ஒரு கழகம் எடுத்தது. கழகத்தின் பின்புற அறையொன்றில் ஏழு பேரோடு படுத்து, சிங்களம் பழகி, தொண்ணூறு நிமிடமும் இந்தக் கோலுக்கும் அந்தக் கோலுக்கும் ஓடி விளையாடினார். ஒரு பந்து அவரிடம் வருமுன் இரண்டு தடவை தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பார். வருகிற பந்தை எல்லாரும்தான் பார்க்கிறார்கள், பின்னால் நிற்கிறவனைப் பார்க்கிறதுதான் நடுக்களம் என்று ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இருபத்தாறு வயதில் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைத்தார்கள். முப்பத்தைந்து பேர். எங்கள் ஊர் ஒரு பஸ் பிடித்துப் போய் அவரைக் கொண்டுபோய் விட்டது. இரண்டாவது வாரம் இருபத்துமூன்று பெயர்களைத் தொங்கவிட்டார்கள். அவர் பெயர் இல்லை.

அந்த இடம் வந்ததும் தார்ப்பாயின் கீழ் குரல்கள் ஏறின. சிபாரிசுக்கு ஆள் பிடிக்கத் தெரியாத பிள்ளை, புத்தளத்தான் என்றால் இப்படித்தான், பெயரைப் பார்த்தே வெட்டிவிட்டார்கள் என்றார்கள். ஹஸ்மி எழுந்து நின்று, அந்த வெட்டுத்தான் அவனைக் கொன்றது என்றார். நானும் உள்ளே தட்டைப் பிடித்தபடி தலையாட்டினேன். ஊர் மூன்று வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய ஒரு கட்டுரையில்கூட, பெயர் குறிப்பிடாமல், இதை உதாரணமாகச் சேர்த்திருந்தேன்.

வெட்டுப்பட்டு வந்த பிறகு நானாவின் ஆட்டம் மாறிப்போனது. ஓட்டத்தை விட்டுவிட்டார். நடுவில் ஒரு பத்து அடி வட்டத்துக்குள் நின்றபடி, வரும் பந்தை ஒரே தொடுகையில் யாருக்காவது அனுப்பிவிடுவார். கற்பிட்டியில் நடந்த ஒரு போட்டியில் ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர், முஆஸ் மைதானத்துக்கு நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்து விளையாடுகிறார், யாராவது ஒரு தேத்தண்ணியும் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். அதோடு அவர் கதிரை முஆஸ் ஆகிவிட்டார். வயதோடு அறிவு வந்துவிட்டது, இனிமேல்தான் அவன் உண்மையான ஆட்டக்காரன் என்று ஊர் சொன்னது. அந்தப் பெயரோடுதான் மாலைதீவுக்குப் போனார்.

இரவு இஷாத் தொழுகை முடிந்து சிறிது நேரத்தில், மதினியின் அறையில் கட்டிலில் கிடந்த தொலைபேசி அடித்தது. திரையில் றிஸ்மினின் பெயர். இத்தாவில் இருக்கிற பெண் அந்நிய ஆணோடு கதைக்கக் கூடாது என்று கமீலா மாமி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவையும் அடித்தது. மையித்தை ஊருக்குக் கொண்டுவந்து அடக்குவது பற்றிக் கேட்கிறாரோ என்று நினைத்து, நாலாவது தடவை நான் எடுத்தேன். வீடியோ அழைப்பு. மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் என் நானா.

அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். ஜன்னலில் கட்டிய விரிப்பையும், அறை நிறைந்த பெண்களையும், வெள்ளைச் சாரியில் வெறுங்காதோடு இருந்த தன் மனைவியையும் பார்த்தார். அவருடைய முகம் சிதைந்துபோனது.

"யாரு? வாப்பாவா?"

கமீலா மாமிகூட வாயைத் திறந்தபடி நின்றார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இல்ல நானா. நீங்க."

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது எனக்கு ஒழுங்காக நினைவில்லை. வாப்பா வாசலில் நின்று, யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்பதுபோல, அவனைக் கை தூக்கிக் காட்டச் சொல்லு, கை தூக்கிக் காட்டச் சொல்லு என்றது நினைவிருக்கிறது. நானா கையைத் தூக்கினார். மதினி தொலைபேசிப் பக்கம் வரவேயில்லை. சுவரோடு சாய்ந்தபடி தூரத்திலிருந்தே அந்தக் கையைப் பார்த்தார். பள்ளிவாசலில் மறுபடி அறிவித்தார்கள். சிலர் நிக்காஹ் முறிந்திருக்குமோ, மறுபடி செய்ய வேண்டுமோ என்று கேட்டபோது மௌலவி சிரித்துவிட்டு, உயிரோடு இருக்கிற மாப்பிள்ளையை எதற்கு இரண்டு தடவை பிடிக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பினார். மௌத்து வீட்டுக்கென்று வாங்கிய பிஸ்கட்டை எல்லாரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள்.

பதினெட்டு நாள் கழித்து நானா வந்து சேர்ந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார், அவ்வளவுதான். வெயிலில் உடம்பில் உப்புக் குறைந்து மயங்கி விழுந்ததாகச் சொன்னார். அதை ஊர் விடவில்லை. உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன் உப்புக் குறைந்து விழுந்தானாம் என்று சந்திக் கடையில் ஒரு கிழமை சிரித்தார்கள். யாரோ ஒருவர் ஒரு மூடை உப்பை முற்றத்தில் இறக்கிவிட்டே போனார். நானாவும் சேர்ந்து சிரித்தார். மூன்று மாதம் ஓய்வு, பிறகு வழக்கம்போல விளையாடலாம் என்றார். கொழும்பில் அவரை அறிந்த ஒரு கழகம் கதைத்துக்கொண்டிருந்தது. இதயப் பரிசோதனை ஒன்று செய்து தாளைக் கொண்டுவந்தால் அடுத்த பருவத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது.

உம்மா அவருடைய பயணப் பையைக் கழுவப் போட்டபோது அடியில் ஈரமான காகிதக் கட்டு ஒன்று இருந்திருக்கிறது. "இது முக்கியமான காயிதமா பாரு மகள்" என்று என்னிடம் தந்தார். மாலே வைத்தியசாலையின் அறிக்கை. ஆங்கிலத்தில் ஐந்து பக்கம். நான் அவற்றை உலரவைப்பதற்காகக் கட்டிலில் பரப்பினேன், பிறகு வாசித்தேன்.

இதயத் தசையின் ஒரு பக்கம் பிறப்பிலேயே தடித்தது என்று இருந்தது. மைதானத்தில் இதயம் நின்றுபோய், மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கப்பட்டது என்று இருந்தது. நின்றிருந்த நேரம் சுமார் ஒன்றரை நிமிடம். நெஞ்சுக்குள் ஒரு கருவி பொருத்த வேண்டும், போட்டி விளையாட்டு இனிக் கூடாது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டு கடைசிப் பக்கம்வரை வந்துவிட்டேன். அங்கே ஒரு வரி இருந்தது. இந்த நோய் தனக்கு இருப்பதாக மூன்று வருடங்களுக்கு முன், கொழும்பில், தேசிய அணி முகாமின் பரிசோதனையில் சொல்லப்பட்டதாக நோயாளி கூறுகிறார்.

அந்த வரியை எத்தனை தடவை வாசித்தேனோ தெரியாது. பக்கத்து அறையில் மதினியின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நானா கிணற்றடியில் பழைய பல்துலக்கியால் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். உப்பு இல்லையே நானா என்றேன். அவர் நிமிர்ந்து என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். மறைக்க முயற்சிக்கவில்லை. அடியிலிருந்த ஆணிகளுக்கு இடையில் இருந்த மண்ணை எடுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

முகாமில் வைத்தியர் அவரைத் தனியே அழைத்து, படம் வரைந்து விளக்கியிருக்கிறார். அழாதீர்கள், இப்போதே தெரிந்தது நல்லது என்று சொல்லியிருக்கிறார். வெளியே வந்து பஸ்ஸில் ஏறி, ஊரில் எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். வந்து இறங்கியபோது ஊர் ஏற்கனவே முடிவு செய்துவிட்டிருந்தது.

"நான் ஒரு பொய்யும் சொல்லல்ல நஸ்லா. பேரப் பார்த்து வெட்டிட்டாங்க எண்டு நீங்கதான் எல்லாரும் சொன்னீங்க. நான் வாயத் திறக்கல்ல. அவ்வளவுதான்."

எனக்கு என் கட்டுரை நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு மாலைதீவுக் கழகம் இதயப் பரிசோதனைத் தாள் கேட்டபோது, நானாவின் அடையாள அட்டையைக் கொண்டுபோய், அவருக்குப் பதிலாகப் பரிசோதனைக் கட்டிலில் படுத்தது றிஸ்மின். இரண்டு பேருக்கும் ஒரே தாடி, ஒரே உயரம், அடையாள அட்டையில் பத்து வருடப் பழைய படம். யாரும் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த வீடியோ விளங்கியது. மற்ற எல்லாரும் நானா தடுக்கி விழுந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, நாற்பது யார் தூரத்தில் நின்ற றிஸ்மின் மட்டும் ஏன் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கையேந்தினார் என்று விளங்கியது. ஊர் பார்த்துப் பிழையாக எடுத்துக்கொண்டது அந்தக் கைகளைத்தான். ஆனால் நானா போய்விட்டார் என்று நினைத்துத்தான் றிஸ்மினும் அவற்றை ஏந்தியிருந்தார்.

நான் கதிரையைப் பற்றிக் கேட்டேன். அந்த ஆட்டம்.

"ஓடினா விழுவேன் எண்டு தெரியும். அதால நான் ஓடறத விட்டுட்டு மத்தாக்கள ஓட வெச்சன்." சிரித்தார். "நல்லாத்தானே ஆடினன்?"

நன்றாகத்தான் ஆடினார். அவர் விளையாடியதிலேயே நல்ல ஆட்டம் அந்த மூன்று வருடம்தான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு இளம் வீரன் பந்தைப் பறிகொடுத்துவிட, பின்னால் யாரும் இல்லாததைப் பார்த்து, மறந்துபோய் அறுபது யார் ஓடியிருக்கிறார். ஓடிப் பந்தை எடுத்து மறுபக்கம் அனுப்பிவிட்டுத்தான் விழுந்தார்.

மதினியிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நான் தலையாட்டினேன். தெரியாத ஒன்றுக்கு ஒரு நொடியில் ஓம் சொன்னவள், தெரிந்த ஒன்றுக்கு இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்று எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு விளையாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதை அவரிடமிருந்து எடுப்பதற்கு நான் யார் என்றும் யோசித்தேன்.

மூன்றாம் நாள் றிஸ்மின் விடுமுறையில் வந்தார். இரண்டு பேரும் வேலியோரம் லேண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்ததால் கதை முழுவதும் கேட்டது. கொழும்புக் கழகத்தின் பரிசோதனைக்கும் றிஸ்மின் வர வேண்டும் என்று நானா கேட்டார். றிஸ்மின் முடியாது என்றார். நானா விடவில்லை. ஒரே ஒரு பருவம் என்றார், ஓடமாட்டேன் என்றார், பள்ளிக்கூடத்தில் யார் உனக்குக் கணக்குச் செய்து தந்தது என்றுகூடக் கேட்டார்.

"நீ விழக்குள்ள நான் என்ன நினைச்சேன் தெரியுமா மச்சான்? நான்தான் உன்னக் கொன்னுட்டேன் எண்டு நினைச்சன்" என்றார் றிஸ்மின்.

அப்போ நான் என்ன செய்கிறது, வாப்பாவோடு தேங்காய் ஏற்றவா என்றார் நானா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. றிஸ்மினும் கேட்டிருக்க மாட்டார். கடைசியில், வருகிறேன், ஆனால் இதோடு சரி என்றார்.

நான் ஈர உடுப்பைக் கூடையிலேயே போட்டுவிட்டு உள்ளே போய் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையை வாசித்தும் காட்டினேன். மதினி மெஷினை நிறுத்தாமலே கேட்டார். ஒரு தையல் முடிந்ததும் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, பிள்ளையை உம்மாவிடம் விட்டுவா என்றார்.

நானா உள்ளே வந்தபோது அறையில் மதினியும் நானும்தான். நான் எழுந்து போகப் பார்த்தேன், மதினி இரு என்றார். நானா முதலில் என்னைத்தான் பார்த்தார். மதினி குரலை உயர்த்தவில்லை.

"நான் மூணு மணித்தியாலம் இத்தா இருந்தன். அழுதேனா எண்டு நீங்க யாரையும் கேக்கல்ல. நானே சொல்றன். முதல் ஒரு மணித்தியாலம் அழுதன். அதுக்குப் பொறகு யோசிச்சன். மெஷின எந்த ஜன்னலுக்குப் பக்கத்துல போடுறது, பிள்ளைய எந்த ஸ்கூல்ல சேக்கிறது, எங்க வாப்பாட வீட்டுக்குப் போறதா, இங்கேயே இரிக்கிறதா. நீங்க போன் எடுக்கக்குள்ள நான் எல்லாம் யோசிச்சு முடிச்சிட்டன்."

நானா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க இல்லாம எனக்கு வாழ ஏலும். அது எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். தெரிஞ்ச நேரம் நான் பயந்துட்டன். திருப்பி ஒரு தரம் அந்த வெள்ளையத் தந்தா, கமீலா மாமி தேவல்ல, நானே உடுத்துக்குவன். போறதெண்டா போங்க."

மின்னதிர்ச்சி கொடுத்து எழுப்பப்பட்ட மனிதரின் முகத்தை வீடியோ அழைப்பில் பார்த்திருக்கிறேன். அது இப்படி வெளிறியிருக்கவில்லை. மதினி அழுவார், மன்றாடுவார், காலைப் பிடிப்பார் என்றுதான் அவர் தயாராகியிருந்திருப்பார். அந்த மூன்று மணித்தியாலமும் நான் மதினிக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் துக்கத்தில் உறைந்திருக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

நானா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த ஜன்னல்?"

மதினி கையைக் காட்டினார். வடக்குப் பக்கத்து ஜன்னல்.

அடுத்த திங்கட்கிழமை நானாவும் றிஸ்மினும் கொழும்புக்குப் போனார்கள். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அதுவரை எதுவும் தெரியாது. நானும் கூடப் போனேன். தாள்களை வாசிக்க ஆள் வேண்டும் என்று நானா சொன்னார். அது உண்மையான காரணமா என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் இருந்தார்கள். நானாவின் அடையாள அட்டை றிஸ்மினின் சட்டைப் பையில் இருந்தது. அதை அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பரிசோதனை நிலையத்தில் குளிரூட்டி அதிகம். வாங்கில் மூன்று பேரும் வரிசையாக இருந்தோம். தாதி கதவைத் திறந்து நானாவின் முழுப் பெயரையும் வாசித்தார். றிஸ்மின் எழுந்தார். எழுந்தவரின் சட்டையை நானா பின்னாலிருந்து பிடித்தார்.

"இரி மச்சான்."

றிஸ்மினின் பையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு நானா தானே உள்ளே போனார். றிஸ்மின் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த முடிவை நானா எங்கே எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கட்டிலின் ஓரத்திலா, பஸ்ஸிலா, தாதி பெயரை வாசித்த நேரத்திலா? கேட்டேன். தனக்கும் தெரியாது என்றார்.

பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய பரிசோதனை. ஒரு மணித்தியாலம் ஆனது. இடையில் ஒரு வைத்தியர் வேகமாக உள்ளே போனார், இன்னொருவரும் போனார். நானா வெளியே வந்தபோது அவர் கையில் தாள் இருந்தது, கூடவே கருவி பொருத்துவதற்கு அடுத்த மாதத்துக்கான திகதியும் இருந்தது. திகதி எடுக்காமல் வெளியே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். நடைபாதையில் நின்று கழகத்துக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். சிங்களத்தில், சுற்றி வளைக்காமல், எனக்கு இதயத்தில் நோய், நான் வரமாட்டேன் என்றார். மறுபக்கத்தில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். இல்லை, உப்பு இல்லை என்றார். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு, கழிவறை எங்கே என்று கேட்டார். வெகுநேரம் வரவில்லை. றிஸ்மின் போய்க் கூட்டிவந்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாலை அஸர் தொழுகை முடிந்திருந்தது. மதினி வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தார். மெஷின் அங்கே வந்து நான்கு நாளாகிவிட்டது. நானா வாசலைத் தாண்டியதும் மதினி கேட்டது ஒன்றுதான்.

"கட்டில்ல யாரு படுத்தது?"

"நான்தான்."

மதினி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் தலையாட்டலை இனி யாரும் அப்படியே நம்பத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பார்வையை மறுபடி நானாவிடம் கொண்டுபோனார். நானா சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். நெஞ்சின் இடது பக்கம், பரிசோதனைக் கம்பிகளை ஒட்டிய இடங்களில், வட்ட வட்டமாக ஆறு சிவந்த தடம் இருந்தது.

மதினி எழுந்து வந்தார். குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நாளைக்கு மறஞ்சிரும்" என்றார் நானா.

"மறையட்டும்" என்று சொல்லி, மதினி அவருடைய சட்டையை மேலிருந்து கீழாகப் பூட்டிவிட்டார்.